படலத்தில் ஒரு காலியிடம்

முள்ளக்காட்டு உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஜெயராக்கினிக்கு, நானூறு நானோமீட்டர் கனமுள்ள ஒரு படலத்தில் காலியிடம் ஒன்று இருப்பதாக வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அட்டை வந்தது.

அட்டையில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. பணி: அமர்பவர். பணியிடம்: சூரிய மின்கலத்துக்கான பெரோவ்ஸ்கைட் படலம், எண் 212; மூன்றாம் படிகம், பதினேழாம் வரிசை, நானூற்றுப் பன்னிரண்டாம் இடம். பணியின் தன்மை: உட்கார்ந்திருத்தல். சேர வேண்டிய நாள்: வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள். வயது: நாற்பத்தைந்து முடியாதவராக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஜெயராக்கினிக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

சமையலறை வாசலோரம், கிழக்குப் பார்த்து, அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அட்டையை மூன்று முறை படித்தாள். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு, இருபத்தோரு வயதில் பெயரைப் பதிந்தவள் அவள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் போய்ப் புதுப்பித்துவிடுவாள். ஏழு முறை புதுப்பித்திருந்தாள். அத்தனை வருடத்தில் அவளுக்கு வந்த முதல் அட்டை இது. வரப்போகும் கடைசி அட்டையும் இதுதான்.

அவளுடைய கணவன் சேசுவடியான் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏட்டி ராக்கினி, உக்காந்திருக்கதுக்கு ஒரு ஆளா?”

“எல்லாரும் உக்காந்திருக்கலாம்னுதான சர்க்கார் வேலை கேக்காவ. இதுல அதையே வேலைன்னு போட்டிருக்கு.”

“நானூறு நானோமீட்டர்னா எம்புட்டு?”

“ஒரு தலைமுடிய இருநூறா வகுந்தா, அதுல ஒண்ணு.”

“அப்ப உள்ள நெருக்கடியாத்தான் இருக்கும்” என்றான் சேசுவடியான். “கனமான சேலையா கட்டிட்டுப் போகாத.”

வாசல் படியில் படுத்திருந்த தெருநாய் ஒருமுறை காதை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயராக்கினி சோற்றுடப்பாவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, சேசுவடியானின் கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு, வாகைகுளம் தாண்டி இருக்கும் ஆய்வு மையத்துக்குப் போனாள். அங்கே படலங்களைக் கவனித்துக்கொள்பவர் முனைவர் பகவதி. ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதைத் தேடாமல் இருக்கத் தெரிந்தவர்.

காலியிடங்களுக்கு ஆள் வரத் தொடங்கியது பகவதியின் அறிக்கையிலிருந்துதான். மையத்திலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் எல்லா அறிக்கைகளும் தமிழில்தான் இருக்க வேண்டும். அதனால் அவர், “படலத்தில் காலியிடங்கள் மிகுதியாக உள்ளன. அவை நிரப்பப்பட்டால்தான் மின்திறன் உயரும்” என்று எழுதி அனுப்பினார். படிகத்துக்குள் ஓர் அணு இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமல் போனால் அதற்குக் காலியிடம் என்றுதான் பெயர். ஆட்சியர் அலுவலகம் அந்த அறிக்கையின் நகலை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பியது. இரண்டு வாரத்தில் சான்றிதழ்களோடு மூன்று பேர் வந்து நின்றார்கள். பகவதி சான்றிதழ்களைச் சரிபார்த்து, அவர்களை உள்ளே உட்கார வைத்தார். மின்திறன் உயர்ந்தது. அதிலிருந்து மாதாமாதம் அதே வாக்கியத்தை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“212ல இதுதான் கடைசிக் காலியிடம்” என்று சொல்லி, ஜெயராக்கினியின் அட்டையைச் சரிபார்த்துப் பணி ஆணையைக் கொடுத்தார் பகவதி. “மத்த படலமெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. இது எட்டு மாசமா கறுப்பாவே இருக்கு. இதையும் நிரப்பிட்டா முழுசாயிரும்.”

“கறுப்பா இருந்தா நல்லதாம்மா?”

“கறுப்பா இருந்தாத்தான் வெயில முழுசா குடிக்கும். மஞ்சளாயிட்டா பாதி வெயிலு திரும்பிப் போயிரும்.”

ஜெயராக்கினிக்கு உப்பளத்தில் கேள்விக்காரி என்று பெயர். எதையும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் செய்வாள். பகவதிக்கும் அது பிடித்திருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டி ஒன்றைக் காட்டினார். பெட்டிக்குள் ஈரம் என்பதே கிடையாது; 212 இருப்பதும் அதற்குள்தான். அதன் சுவரிலிருந்து இரண்டு நீளமான ரப்பர் கையுறைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பகவதி அவற்றுக்குள் கையை விட்டு, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மஞ்சள் திரவத்தைச் சொட்டினார். கண்ணாடித் துண்டு பம்பரமாய்ச் சுற்றியது. அவர் உதட்டுக்குள் எண்ணினார். இருபது என்று வந்ததும் இன்னொரு திரவத்தை ஒரே ஊற்றாக ஊற்றினார். பிறகு அதை எடுத்துச் சூடான தட்டில் வைத்தார். மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று ஆனது.

“பத்தொன்பதுல ஊத்துனா என்னாகும்?”

“கலங்கிப் போகும்.”

“இருபத்தொண்ணுல?”

“காஞ்சு திட்டுத் திட்டா நிக்கும்.”

ஜெயராக்கினி தலையை ஆட்டினாள். உப்பும் அப்படித்தான். பாத்தியில் நீர் முற்றி, மேலே ஆடை மாதிரி படியும் அந்த வேளையில் கை வைத்தால் ஒரு மாதிரி, விட்டுப் பிடித்தால் வேறு மாதிரி.

“உள்ள சில விதிகள் இருக்கு” என்றார் பகவதி. “தண்ணி கொண்டுபோகக் கூடாது. தும்மக் கூடாது. அழக் கூடாது.”

“அழவுமா கூடாது?”

“ஒரு சொட்டு ஈரம் பட்டாப் போதும், அந்த வரிசையே மஞ்சளாயிரும். அப்புறம் அடுத்த வரிசை. சாயந்தரத்துக்குள்ள எட்டு மாசமும் போயிரும்.”

ஜெயராக்கினி தண்ணீர் பாட்டிலையும் சோற்றுடப்பாவையும் மேசை மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கடைசியாக இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது.

“நான் போய் உக்காந்துட்டா, அந்தக் காலியிடம் எங்கம்மா போகும்?”

பகவதி கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “காலியிடம் அழியாது. நகரும். நீங்க உக்காந்தா அது படலத்த விட்டு வெளிய போயிரும்.”

“வெளியன்னா எங்க?”

“வெளிய நாங்க அளக்கறதில்ல.”

ஜெயராக்கினி வலது கையைக் கையுறைக்குள் விட்டாள். முழங்கை போனது. தோள் போனது. “இன்னும் கொஞ்சம் உள்ள போங்க” என்றார் பகவதி. அவள் போனாள்.

உள்ளே எல்லாம் கறுப்பாக இருந்தது. ஆனாலும் நல்ல வெளிச்சம். மேலே ஆய்வு மையத்தின் செயற்கைச் சூரியன் எரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசைகள்; அவற்றின் முதல் இடங்களுக்கும் அப்பால், வெகு தூரத்தில் ஒரு சன்னல். ஒவ்வொரு வரிசையிலும், ஓர் ஈயத்தைச் சுற்றி ஆறு அயோடின்கள் என்ற கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஈயத்துக்கும் ஆறு பேர் வேண்டும் என்பதால், ஓர் அயோடின் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தார். எல்லா அயோடின்களுக்கும் பெயரும் அயோடின்தான். படலம் பிறந்ததிலிருந்து அங்கேயே குடியிருப்பவர்கள். நடுவில் இருந்த இடைவெளிகளில், இடைவெளிக்கு ஒருவராக நின்று சிலர் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் வேலை.

பதினேழாம் வரிசையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் இடத்தில் ஓர் அயோடின் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, இது என் இடம். ஆணை இருக்கு.”

“இருக்கட்டும் தாயி. காலையில பத்து மணிக்கு விளக்கப் போட்டதும் எனக்கு இடமாற்றம் வந்துட்டு. இது சன்னலுக்கு ஒரு இடம் கிட்ட. என் பழைய இடம் நானூத்திப் பதிமூணு. காலியாத்தான் கிடக்கும், போங்க.”

நானூற்றுப் பதிமூன்றில் வேறோர் அயோடின் இருந்தார்.

“இப்பத்தான் வந்தேன்” என்றார் அவர். “என் இடம் நானூத்திப் பதினாலு.”

ஜெயராக்கினி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். எல்லோருக்கும் இடமாற்றம் வந்திருந்தது. எல்லோரும் சன்னலுக்கு ஓர் இடம் கிட்டப் போயிருந்தார்கள். முன்பு காலியிடங்கள் நிறைய இருந்தபோது ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். இப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதால், பதினேழாம் வரிசை முழுவதும் அதன் மேல் கண்ணாக இருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் வீதம் நகர்ந்தார்கள்.

மூன்று மணி வாக்கில் அவள் காலியிடத்தை முதல்முறையாக நேரில் பார்த்தாள். ஐந்நூற்று எண்பதாம் இடம். அங்கே ஒருவரும் இல்லை. பக்கத்திலிருந்த ஈயம் தன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது ஆள எங்க?”

அந்த நேரம் பார்த்து ஓர் எலக்ட்ரான் அவசர அவசரமாக வந்தது. வெயில் பட்டு இருக்கையிலிருந்து எழுப்பிவிடப்பட்ட எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. அவை விட்டு வந்த வெற்று இருக்கைகள் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் துளைகள் என்று பெயர். இரண்டும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போய்ச் சேர்ந்தால்தான் மின்சாரம்.

“வாங்க, வாங்க” என்று ஈயம் எலக்ட்ரானின் கையைப் பிடித்து இழுத்தது. “ஆறாவது ஆளா செத்த உக்காந்துட்டுப் போங்க.”

எலக்ட்ரான் உட்கார்ந்தது. அதைப் பார்த்து ஒரு துளை நின்றது. இரண்டுக்கும் பழைய பழக்கம். எப்போது வந்தாய், எப்படி இருக்கிறாய் என்று பேச்சு வளர்ந்தது. பேசிப் பேசி இருவருக்கும் சூடேறியது. பிறகு இரண்டுமே காணாமல் போயின. ஒரு நல்ல வெயில் துளி அப்படி வீணாகப் போனது. இதைத் தடுக்கத்தான் அங்கே ஒருவர் உட்கார வேண்டும் என்பது ஜெயராக்கினிக்கு இப்போது முழுவதும் விளங்கியது. அவள் ஓடினாள். இன்னும் இரண்டே எட்டு. அதற்குள் ஐந்நூற்று எண்பத்தொன்றில் இருந்த அயோடின் எழுந்து, காலியிடத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

ஜெயராக்கினி நின்றாள். மூச்சு வாங்கியது. துரத்தினால் இது கைக்கு வராது என்று தோன்றியது. உப்பளத்தை நினைத்துக்கொண்டாள். கடைசிப் பாத்தியில் நீரை வடித்துவிட்டால், அதற்கு மேல் பாத்தியின் நீர் அதில் இறங்கும். அதற்கும் மேல் பாத்தியின் நீர் அதில் இறங்கும். நீர் கீழே கீழே வர, காலியான பாத்தி மேலே மேலே போகும். அதைப் பிடிக்க வேண்டும் என்றால் முதல் வரப்பில் போய்க் காத்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சன்னல் பக்கம் நகர்கிறார்கள். அப்படியானால் காலியிடம் எதிர்ப்பக்கம்தான் போகும். அந்தப் பக்கத்து வரப்பு எங்கே?

வரிசையின் ஓரமாகவே விறுவிறுவென்று நடந்தாள். அறுநூற்று நாற்பதாம் இடத்தோடு மூன்றாம் படிகம் முடிந்தது. அதற்கு அப்பால் நான்காம் படிகம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல், கோணலாக இடித்துக்கொண்டு நின்றன. அந்த எல்லையில், ஒரு கால் இந்தப் படிகத்திலும் ஒரு கால் காற்றிலுமாக, சரிந்த மேனிக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

“ஆணையா?” என்று கேட்டார் அவர். “காட்டுங்க.”

அவர் பெயர் ஐயம்பெருமாள். ஏரல்காரர். இருபத்தாறு வருடம் மினிபஸ் கண்டக்டராக இருந்தவர். இந்தப் படலத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆணையை வாங்கி, டிக்கெட் பார்க்கிற மாதிரி ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எண் மாறிட்டேன்னு கவலப்படாதீங்க. காலியிடம் எங்க நிக்கோ அங்க இந்த ஆணை செல்லும். படிகம் மட்டும் மாறக் கூடாது. மூணுன்னு போட்டிருக்கு பாத்தீயளா? நாலுக்குள்ள போயிட்டா செல்லாது.”

“இங்க வருமா அண்ணாச்சி?”

“வரும். பக்கத்து இடம் காலியாச்சுன்னா எனக்கும் இடமாற்றம் உண்டு. நான் நகருவேன். என் இடம் காலியாகும். ஆனா பாத்துக்கோங்க, அந்தா அவரும் இதுக்குத்தான் காத்திருக்காரு.”

எல்லைக்கு அந்தப் பக்கம், நான்காம் படிகத்தின் முதல் இடத்தில், ஓர் அயோடின் உட்கார்ந்திருந்தார். ஐயம்பெருமாளின் இருக்கையின் ஓரத்தில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

“நான் காலையிலயே துண்டு போட்டாச்சு” என்றார் அவர்.

“உள்ள ஆள் உக்காந்திருக்கும்போதே துண்டு போடுவீரோ?” என்றார் ஐயம்பெருமாள். “இருபத்தாறு வருசமா சன்னல் வழியா துண்டு, பை, குடை, பச்சப்பிள்ள எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. எதுவும் செல்லாது. உக்காந்தவருக்குத்தான் இடம்.”

“அப்ப நான் உக்காருதேன்.”

“காலியானா உக்காருமேன்.”

மணி நாலு முப்பது. வரிசை நகர்ந்து நகர்ந்து வந்தது. காலியிடம் அறுநூற்று இருபது, அறுநூற்று இருபத்தைந்து என்று நெருங்கியது. ஜெயராக்கினி கடிகாரத்தையும் வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அறுநூற்று முப்பத்தொன்று வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அறுநூற்று முப்பத்திரண்டில் இருந்த அயோடின் நகரவில்லை.

“ஏன் அண்ணாச்சி, இடமாற்றம் வரலையா?” என்று அவள் இங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“வந்துட்டு. எனக்கு வேண்டாம். இங்கயே நல்லாத்தான் இருக்கு.”

நாலு நாற்பது ஆனது. நாலு நாற்பத்தைந்து. அந்த அயோடின் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் நகர மாட்டார்கள். இருபத்து மூன்று வருடமாகப் புதுப்பித்த அட்டை எட்டு இடத்துக்கு அப்பால் நின்றுபோனது. ஜெயராக்கினியின் கண் ஓரத்தில் சூடாக ஏதோ திரண்டது.

“யம்மா!” ஐயம்பெருமாள் பதறினார். “விட்டுராதீங்க! அண்ணாந்து பாருங்க. துடைக்கக் கூடாது, உள்ளயே இழுத்துக்கோங்க. எட்டு மாசம் கறுப்பா வச்சிருக்கோம்.”

ஜெயராக்கினி அண்ணாந்து பார்த்தாள். செயற்கைச் சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. திரண்ட துளி அங்கேயே காய்ந்து, இமை ஓரத்தில் ஒரு உப்புக்கல்லாக நின்றது. அதை விரலால் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அழக் கூடாது என்றால் அவளுக்குத் தெரிந்தது இன்னொன்றுதான்.

“அண்ணாச்சி” என்று மறுபடி கூப்பிட்டாள். “சன்னல் சன்னல்னு எல்லாரும் போறாவளே, அங்க அப்படி என்னதான் தெரியுது?”

அறுநூற்று முப்பத்திரண்டு கண்ணைத் திறந்தார்.

“தெரியலயே. யாரும் சொன்னதில்ல.”

“நீங்களும் பாத்ததில்லையா?”

“இல்ல. கேக்கணும்னு தோணல.”

“ஒரு இடம் தள்ளிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்களேன்.”

அவர் எழுந்தார். ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். கழுத்தை நீட்டிச் சன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுதாரு?” என்றார் அறுநூற்று முப்பத்து மூன்று. சரியாகக் காதில் விழவில்லை என்று ஓர் இடம் கிட்டப் போனார். அவர் என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள அறுநூற்று முப்பத்து நான்கு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பதில் ஒவ்வொரு வாயாக மாறி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

“பழைய இடத்துல தெரிஞ்சதுதான் தெரியுதாம். ஆனா ஒரு இடம் கிட்டத் தெரியுதாம்.”

மணி நாலு ஐம்பத்தேழு. அறுநூற்று முப்பத்தொன்பதில் இருந்தவரும் எழுந்து தள்ளிப் போனார். ஐயம்பெருமாளின் பக்கத்து இடம் காலியானது. அந்தப் பக்கம் நான்காம் படிகத்து அயோடின் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்து நின்றார்.

“நான் எந்திரிச்சா அந்த நிமிசமே அவரு உக்காந்துருவாரு” என்று ஐயம்பெருமாள் மெதுவாகச் சொன்னார். “எல்லையில கண் மூடித் திறக்குற நேரம் காலியா விட்டாலும் எலக்ட்ரான் எல்லாம் பொலபொலன்னு விழும். என்ன செய்யலாம், சொல்லுங்க.”

ஜெயராக்கினி இருக்கையின் இந்த ஓரத்தில் ஒட்டினாற்போல் நின்றாள்.

“எந்திரிக்காதீங்க அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

ஐயம்பெருமாள் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரிடம் அவர் சொன்ன வார்த்தை அது. அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அவர் தள்ளி உட்கார்ந்தார். அவர் தள்ளத் தள்ள அவள் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு எலக்ட்ரான் நுழையும் அளவுக்குக்கூட இடம் விழவில்லை. அவர் அறுநூற்று முப்பத்தொன்பதுக்கு முழுவதும் போய்ச் சேர்ந்தபோது, அவள் அறுநூற்று நாற்பதில் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நான்காம் படிகத்து அயோடின் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து ஈயம் எண்ணியது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.”

அடுத்து வந்த எலக்ட்ரானைப் பிடித்து இழுக்காமல் அது வழிவிட்டது.

இடம் சரிவாகத்தான் இருந்தது. ஒரு கால் காற்றில் தொங்கியது. ஆனால் உட்கார்ந்ததும் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எலக்ட்ரான்கள் வந்தன, அவளைச் சுற்றிக்கொண்டு நிற்காமல் போயின. ஒன்றைப் பார்த்து அவள் கேட்டாள்.

“எங்க இம்புட்டு அவசரமா?”

“வெளிய ஒரு ஃபேன் சுத்தணுமாம்” என்று சொல்லிவிட்டு அது ஓடியது.

வெளியே மின்திறன் அளக்கும் மானியின் முள் உயர்ந்து நின்றது. பகவதி நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி அதைப் பார்த்தார். பணியில் சேர்ந்த நேரம்: மாலை நாலு ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு விளக்கை அணைத்தார். ஜெயராக்கினியும் ஐயம்பெருமாளும் கையுறை வழியாக வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

“படலம் முழுசாயிட்டு” என்றார் பகவதி. “இனி 212ல காலியிடம் இல்ல. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துருங்க. சாப்பாட்ட வெளியவே வச்சிருங்க.”

ஜெயராக்கினி பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு ஐயம்பெருமாளிடம் சொல்லிக்கொண்டு பேருந்து ஏறினாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனையாக இருந்தது. வெளியே போன காலியிடம் எங்கே போயிருக்கும்?

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. படியில் படுத்திருந்த நாயைத் தாண்டி உள்ளே போனாள். சமையலறை வாசலோரம், கிழக்குப் பார்த்து, அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் இருந்த பலகையில் சேசுவடியான் உட்கார்ந்திருந்தான்.

“வந்துட்டியா? சேந்துட்டியா?” என்று கேட்டான்.

“சேந்துட்டேன். நாலு அம்பத்தெட்டு.”

“இவங்க நாலு அம்பத்தொன்பதுக்குச் சேந்தாங்க.”

அந்தப் பெண் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆணையை எடுத்து நீட்டினாள். பெயர் உலகம்மாள். ஊர் புதியம்புத்தூர். பணியிடம்: முள்ளக்காடு, சேசுவடியான் வீடு, சமையலறை வாசலோரம், கிழக்குப் பார்த்த இடம். ஜெயராக்கினி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எண், தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

“புதியம்புத்தூர்ல என்ன பாத்துட்டிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“தையல். நைட்டி தைப்பேன்க்கா.”

“அப்ப உங்க மிசின்ல?”

“இந்நேரம் யாராவது வந்து உக்காந்திருப்பாங்க.”

“காப்பி போதுமா? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

“போதும்க்கா.”

ஜெயராக்கினி சோற்றுடப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த உப்புக்கல்லை உப்புச் சாடியில் போட்டாள். பிறகு வந்து நின்று சொன்னாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

உலகம்மாள் பலகைப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள். சேசுவடியான் பலகையிலிருந்து வாசல் படிக்குத் தள்ளினான். படியில் படுத்திருந்த நாய் எழுந்து, சோம்பல் முறித்து, தெருவில் முருங்கை மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. முருங்கை மரத்தடியில் ஏற்கெனவே இருந்த நாய் கிழக்கே கடலைப் பார்த்து நடந்தது. கடற்கரையில் அது வழக்கமாகப் பகலில் படுக்கும் படகு நிழலில், கடலிலிருந்து ஏறி வந்த ஏதோ ஒன்று ஈரத்தோடு படுத்திருந்ததால், அதையும் தாண்டிப் போனது.

ஜெயராக்கினி தன் இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பியபோது, கடலில் ஓர் இடம் காலியாக இருந்தது. கரையில் ஏழு பேர் சான்றிதழ்களோடு வரிசையில் நின்றார்கள்.